இரண்டு நாள் எம்சி: சிங்கப்பூரில் அடிபட்ட தொழிலாளிக்கு வைத்தியம் எங்கே தடைபடுகிறது

2011 செப்டம்பர். சிங்கப்பூரில் கட்டட வேலை பார்த்த ஒரு வெளிநாட்டுத் தொழிலாளிக்கு வேலையிடத்தில் அடிபட்டு வலது கை எலும்பு முறிந்துவிட்டது. தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள், அறுவை சிகிச்சையும் நடந்தது. அதன்பிறகு மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டில்தான் விஷயம் இருக்கிறது: மருத்துவ விடுப்பு, அதாவது அங்கே எல்லோரும் சொல்கிற ‘எம்சி’, இரண்டே நாள். அது முடிந்ததும் ஏறக்குறைய ஒரு மாதத்துக்கு ‘லைட் டூட்டி’, அதாவது லேசான வேலை மட்டும்.

கை உடைந்து ஆபரேஷன் ஆன ஒரு கணக்கருக்கே இரண்டு வாரமாவது விடுப்பு கொடுப்பார்கள். இவர் கட்டட வேலை பார்ப்பவர், உடைந்தது வலது கை.

தொழிலாளர்களுக்கு உதவும் ‘ஹோம்’ என்ற அமைப்பு இதைச் சிங்கப்பூர் மருத்துவ மன்றத்துக்குப் புகாராகக் கொண்டுபோனது. ஒழுங்கு விசாரணைக் குழு மருத்துவர்மேல் தப்பில்லை என்று விட்டுவிட்டது. மருத்துவ மன்றம் மேல்முறையீடு செய்தது. 2016ல் உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு அந்த முடிவைப் புரட்டிப்போட்டு, மருத்துவருக்கு ஆறு மாதம் தொழில் செய்யத் தடை விதித்தது. லைட் டூட்டி என்று எழுதுவதற்கு முன்னால், அப்படி ஒரு வேலை அந்த நோயாளிக்கு உண்மையிலேயே இருக்கிறதா என்று மருத்துவர் விசாரித்திருக்க வேண்டும் என்பதுதான் தீர்ப்பின் சாரம். கேட்டால் சாதாரண விஷயமாகத் தெரியும். ஆனால் குறைந்த சம்பளத்துக்கு வெளிநாடு போகிறவனுக்கு வைத்தியம் எந்த இடத்தில் தடைபடுகிறது என்று காட்ட இதைவிடத் தெளிவான வழக்கு எனக்குத் தெரியவில்லை. ஏனென்றால் இங்கே மருத்துவமனை இருந்தது, சர்ஜன் இருந்தார், பில்லைக் கட்ட ஆளும் இருந்தது. வைத்தியத்தோடு கூடவே கிடைத்திருக்க வேண்டிய ஓய்வுதான் கிடைக்கவில்லை.

ஏன் இரண்டு?

அந்தக் காலத்துச் சட்டப்படி, வேலையில் அடிபட்டவருக்கு மூன்று நாளுக்கு மேல் எம்சி கிடைத்தாலோ, 24 மணி நேரமாவது ஆஸ்பத்திரியில் படுத்தாலோதான் முதலாளி அதை மனிதவள அமைச்சுக்கு, அதாவது எம்ஓஎம்முக்குத் தெரிவிக்க வேண்டும். இரண்டு நாள் எம்சி என்றால் அந்த விபத்து எந்தக் கணக்கிலும் ஏறாது. கணக்கில் ஏறினால் என்ன? விசாரணை வரலாம், பாதுகாப்பு விதிமீறல் என்று தெரிந்தால் தண்டனைப் புள்ளி விழலாம், புள்ளிகள் ஒரு அளவுக்கு மேல் சேர்ந்துவிட்டால் அந்தக் கட்டுமான நிறுவனம் புதிதாக வெளிநாட்டு ஆள் எடுக்க முடியாது. ஆள் எடுக்க முடியாத கட்டட கான்ட்ராக்டர் என்ன செய்வான், கடையை மூட வேண்டியதுதான்.

லைட் டூட்டியோ அன்றைக்கு எந்த வரம்பிலும் சிக்காத ஒன்று. பத்து நாள் எழுதினாலும் முப்பது நாள் எழுதினாலும் அறிக்கை தேவையில்லை. அந்தக் குறிப்பிட்ட மருத்துவர் மனசில் என்ன இருந்தது என்று நான் ஆராயப் போவதில்லை. யாருமே கெட்ட எண்ணம் வைக்காமல் இருந்தாலும், அன்றைக்கு இருந்த ஏற்பாடு எல்லோரையும் இரண்டு நாள் பக்கமே தள்ளியது என்பதுதான் முக்கியம். நிறுவனம் ஒரு கிளினிக்கோடு கணக்கு வைத்திருக்கும், அடிபட்ட ஆளை அங்கேதான் அழைத்துப் போவார்கள், பில் மாதக் கடைசியில் கம்பெனிக்குப் போகும். அந்த மருத்துவருக்கு வாடிக்கையாளர் யார் என்று கேட்டால், கட்டிலில் படுத்திருப்பவன் இல்லை.

உள்ளே போகும்போது கூடவே சூப்பர்வைசரும் போவார். மொழி தெரியாத ஆளுக்கு அவர்தான் மொழிபெயர்ப்பாளர். “எப்படி அடிபட்டது?” என்ற கேள்விக்குப் பதில் அவர் வாயிலிருந்துதான் வரும். ரூமில் வழுக்கி விழுந்துட்டான் என்று அவர் சொன்னால் மருத்துவக் குறிப்பில் அப்படியே பதிவாகிவிடும், பிறகு அதை வேலையிட விபத்து என்று நிரூபிக்கத் தலைகீழாக நிற்க வேண்டும். இந்த விஷயத்தில் நம் ஊர்க்காரர்களுக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும். தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று, பெரிய ஆஸ்பத்திரியில் தேடினால் தமிழ் பேசுகிற நர்ஸோ அட்டெண்டரோ கிடைத்துவிடுவார். பங்களாதேஷ் தம்பிக்கு அந்த வசதியும் இல்லை.

லைட் டூட்டி என்றால் என்ன என்று சைட்டில் இருந்தவர்களைக் கேட்டால் சிரிப்பார்கள். கட்டுமானத் தளத்தில் லேசான வேலை என்று தனியாக ஒன்றும் கிடையாது. ஒற்றைக் கையால் கூட்டச் சொல்வார்கள், கேட்டில் நின்று லாரிக்குக் கொடி காட்டச் சொல்வார்கள், இல்லையென்றால் கன்டெய்னர் ஆபீஸில் சும்மா உட்காரச் சொல்வார்கள். இதெல்லாம் நடப்பதற்கு முன்னால் அவர் சைட்டுக்கு வந்து சேர வேண்டுமே. விடிவதற்கு முன்பே எழுந்து, லாரியின் பின்பக்கத்தில் இடுப்புயரத்துக்கு மேலே இருக்கிற பலகையில் கம்பியைப் பிடித்து ஏற வேண்டும், பிடிக்க வேண்டிய கையில் மாவுக்கட்டு. ராத்திரி ரூமுக்குத் திரும்பினால் இரண்டடுக்குக் கட்டிலில் மேல் கட்டில் இவருடையதாக இருக்கும், கீழே படுப்பவர் இரக்கப்பட்டு மாற்றிக்கொண்டால் உண்டு. எம்சி எழுதுகிற மருத்துவருக்கு இந்த லாரியும் கட்டிலும் கண்ணில் படுவதே இல்லை. விசாரித்திருக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

பர்மிட் யார் கையில்

“ஏன் அவர் வாயைத் திறந்து கேட்கவில்லை?” என்று ஊரில் உட்கார்ந்து கேட்பது சுலபம். ஒர்க் பர்மிட் ஒரு முதலாளியோடு கட்டப்பட்டது. முதலாளி நினைத்தால் எந்த நாளும் கேன்சல் பண்ணலாம், கேன்சல் ஆனால் ஊருக்குக் கிளம்ப வேண்டும். பர்மிட் காலம் முடிகிற தறுவாய் தவிர மற்ற நேரத்தில் வேறு கம்பெனிக்கு மாறப் பழைய முதலாளி சம்மதிக்க வேண்டும். மலேசியர் அல்லாத ஒவ்வொரு பர்மிட்காரருக்கும் முதலாளி அரசாங்கத்துக்கு 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) பிணை கொடுத்திருப்பார், ஆள் காணாமல் போனால் அதை இழக்க நேரலாம். அதனால் ஆளைக் கண்ணிலிருந்து விடாமல் வைத்திருப்பதில் அவருக்கும் ஒரு அக்கறை.

இந்தப் பக்கம், ஏஜெண்டுக்கு லட்சக்கணக்கில் கொடுத்துத்தான் பையன் விமானம் ஏறியிருப்பான். நகை அடகில் இருக்கும், நிலப் பத்திரம் வட்டிக்காரரிடம் இருக்கும். அடிப்படைக் கூலி ஒரு நாளைக்கு இருபது வெள்ளியைச் சுற்றி நிற்கிற ஆளுக்கு ஓவர்டைம்தான் உண்மையான சம்பளம். எம்சி எடுத்தால் அந்த ஓவர்டைம் முதலில் போகும். அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவில் போய் நின்றாலே நூறு வெள்ளிக்கு மேல் கட்டணம், வெளிநாட்டவருக்கு அரசு மானியம் கிடையாது. வாரக் கூலியை ஒரே ராத்திரியில் கொடுத்துவிட்டு, மறுநாள் பாஸிடம் கணக்கும் சொல்ல வேண்டும். இதையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு ஒருவர் பனடோல் என்கிற வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு லாரி ஏறினால் அவரை அறியாமைக்காரர் என்று சொல்ல எனக்கு மனசு வராது. விழிப்புணர்வு நோட்டீஸ் அடித்துக் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான் வருகிறது.

சட்டப் புத்தகத்தைத் திறந்தால் ஒரு குறையும் இருக்காது. வெளிநாட்டுத் தொழிலாளியின் வைத்தியச் செலவு முதலாளியின் பொறுப்பு என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது. வேலை சம்பந்தமில்லாத நோய்க்குச் செலவில் ஒரு பங்கைத் தொழிலாளியிடம் வாங்க வேண்டுமானால் அது ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும், மாதச் சம்பளத்தில் பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சரி. ஆனால் உயிர் போகிற அவசரம் இல்லாத எந்த வைத்தியத்துக்கும் ஆஸ்பத்திரி முதலாளியிடமிருந்து ஒரு உத்தரவாதக் கடிதம் கேட்கும், ‘எல்ஓஜி’ என்பார்கள். அவசரம் என்றால் கடிதம் இல்லாமலே பார்த்துவிடுவார்கள், அதைச் சொல்லியாக வேண்டும். முறிந்த எலும்பை வைத்துக் கட்டியாயிற்று, அடுத்த மாதம் தகடை எடுக்கணும், பிசியோதெரபி வேணும், எம்ஆர்ஐ எடுக்கணும் என்கிற கட்டத்தில்தான் கடிதம் வராமல் போகும். இன்றைக்குத் தருகிறேன், நாளைக்குத் தருகிறேன் என்று இழுத்தடித்தால் அப்பாயிண்ட்மெண்ட் தள்ளிப் போகும், கை அதுபாட்டுக்குக் கோணலாகக் கூடிவிடும். கதவுக்குப் பின்னால் எவ்வளவு நல்ல ஆஸ்பத்திரி இருந்து என்ன, சாவி முதலாளி பையில் இருக்கிறதே.

என்ன மாறியது

நிறைய மாறியிருக்கிறது, அதைக் குறைத்துச் சொல்வது நியாயமில்லை. 2020 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம் மூன்று நாள் வரம்பையே தூக்கிவிட்டது. ஒரு நாள் எம்சி என்றாலும், ஏன், வெறும் லைட் டூட்டி என்றாலும் இப்போது எம்ஓஎம்முக்குத் தெரிவித்தாக வேண்டும். லைட் டூட்டியில் இருக்கும் காலத்துக்கும் எம்சிக்குப் போலவே, ஓவர்டைமும் சேர்ந்த சராசரிச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்கு. 2011ல் இரண்டு நாள் எம்சியை லாபகரமாக்கிய கணக்கு அடியோடு உடைந்தது இங்கேதான். ஒரு வரம்பை எடுத்ததில் கிடைத்த பலன் ஆயிரம் போஸ்டரில் கிடைத்திருக்காது.

பணமும் கூடியிருக்கிறது. வேலையிடக் காயத்துக்கு வைத்தியச் செலவு வரம்பு 45,000 வெள்ளியாக இருந்தது, 2025 நவம்பரிலிருந்து 53,000. அல்லது விபத்து நடந்து ஓராண்டு வரை ஆகிற செலவு, இரண்டில் எது முதலில் வருகிறதோ அது. மற்ற நோய்களுக்கு முதலாளி கட்டாயம் எடுக்க வேண்டிய இன்சூரன்ஸ் 2010லிருந்து வெறும் 15,000 வெள்ளியாகத்தான் இருந்தது. மூளையில் ரத்தக்கசிவு, பெரிய இருதய ஆபரேஷன் என்று வந்தால் அது சில நாளில் கரைந்துவிடும். மீதியை முதலாளி கட்ட வேண்டும், சின்ன சப்-கான்ட்ராக்டர் எங்கே போவார், அவர் போனை எடுப்பதையே நிறுத்திவிடுவார். 2023 ஜூலையிலிருந்து அது 60,000 ஆனது. முதல் 15,000 முழுக்க இன்சூரன்ஸ், அதற்கு மேலே முக்கால் பங்கு இன்சூரன்ஸ், கால் பங்கு முதலாளி. 2025 ஜூலையிலிருந்து இன்சூரன்ஸ் கம்பெனி நேராக ஆஸ்பத்திரிக்கே பணம் கொடுத்துவிட வேண்டும் என்று வந்திருப்பது என் பார்வையில் தொகையைக் கூட்டியதைவிடப் பெரிய விஷயம், ஏனென்றால் நடுவில் முதலாளி முதலில் கட்டிவிட்டு அப்புறம் வாங்கிக்கொள்கிற சடங்கு அதில் ஒழிகிறது.

இதற்கு நடுவில் கோவிட். 2020 ஏப்ரல் 5ஆம் தேதி பொங்கோலில் எஸ்11 விடுதியையும் தோ குவானில் வெஸ்ட்லைட் விடுதியையும் தனிமைப்படுத்தினார்கள், உள்ளே இருந்தவர்கள் ஏறக்குறைய 20,000 பேர். அந்த ஆண்டு டிசம்பரில் அரசாங்கமே வெளியிட்ட கணக்குப்படி, விடுதிகளில் இருந்த சுமார் 3,23,000 தொழிலாளர்களில் 47 சதவீதம் பேருக்குத் தொற்று வந்து போயிருந்தது. ஒரு அறையில் பத்துப் பன்னிரண்டு பேர் படுக்கிற இடத்தில் வேறென்ன ஆகும். காய்ச்சல் வந்தால் எங்கே போவது, யார் காசு கொடுப்பது என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறோம் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது.

அதன் விளைவுதான் 2022 ஏப்ரலில் வந்த ஆரம்பநிலைப் பராமரிப்புத் திட்டம். விடுதியில் தங்குகிற, அல்லது கட்டுமானம், கப்பல் பட்டறை, ரசாயன ஆலை மாதிரித் துறைகளில் இருக்கிற ஒர்க் பர்மிட்காரர்களுக்கு முதலாளி இதைக் கட்டாயம் வாங்க வேண்டும். தொழிலாளி மருத்துவ மையத்துக்குப் போனால் ஒரு முறைக்கு 5 வெள்ளி, போனில் வீடியோ வழியாக மருத்துவரைப் பார்த்தால் 2 வெள்ளி. முதலாளியிடம் கடிதம் கேட்க வேண்டியதில்லை. சாவி தொழிலாளி கைக்கு வந்த ஒரே இடம் இதுதான் என்பதால் எனக்கு இந்தத் திட்டத்தின்மேல் ஒரு மரியாதை உண்டு. ஆனாலும் பல் வலித்தால் இது கைகொடுக்காது. ஆரம்பநிலை மருத்துவர் இதை ஸ்பெஷலிஸ்ட் பார்க்கணும் என்று எழுதிவிட்டால், படுக்கையில் சேராமல் வெளிநோயாளியாகப் பார்க்கிற செலவு இதிலும் வராது, கட்டாய இன்சூரன்ஸிலும் வராது, மறுபடி முதலாளி வாசல்தான். பல்லுக்கும் மற்றவற்றுக்கும் ஹெல்த்சர்வ் அமைப்பின் கிளினிக்கில் தன்னார்வ மருத்துவர்கள் பார்க்கிறார்கள், 2006லிருந்து இருக்கிறது. வசதியான நாட்டில் பல் பிடுங்கத் தொண்டு நிறுவனத்தைத் தேட வேண்டியிருக்கிறது.

ஊருக்குப் போய்ப் பார்த்துக்கோ

அடிபட்டவராவது சட்டத்தின் ஒரு பிரிவைக் காட்டிப் பேசலாம். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, சிறுநீரகம் என்று வருகிறவர்களின் கதை சத்தமில்லாமல் முடிந்துவிடும். டயாலிசிஸ் தேவை என்று தெரிந்த அன்றைக்கே அந்த ஆளால் கம்பெனிக்குப் பிரயோஜனம் இல்லை. “ஊருக்குப் போய்ப் பார்த்துக்கோ தம்பி, அங்கே செலவு கம்மி” என்பார்கள். கேட்க அக்கறை மாதிரியே இருக்கும். டிக்கெட் எடுத்துக் கொடுப்பார்கள், பர்மிட் கேன்சல் ஆகும், ஆள் திருச்சி விமான நிலையத்தில் வந்து இறங்குவார். அதன்பிறகு அவர் சிங்கப்பூரின் எந்தப் புள்ளிவிவரத்திலும் இல்லை. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் வரிசையில் இருப்பார், அல்லது முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டைக்கு வருமானச் சான்று வாங்க வட்டாட்சியர் அலுவலகத்தில் நின்றுகொண்டிருப்பார், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால்தானே அந்த அட்டை. வெளிநாட்டில் சம்பாதித்த வீடு என்று பெயர் வேறு. பல வருஷம் அங்கே வெயிலில் உழைத்துத் தேய்ந்த உடம்புக்கான செலவைக் கடைசியில் தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரியும் அந்தக் குடும்பமும் ஏற்றுக்கொள்கின்றன. இதை நம் பக்கத்தில் யாரும் கணக்குப் போட்டுக் கேட்பதாகவும் தெரியவில்லை.

காய வழக்கு நடத்துகிறவர்களுக்கு வேறு மாதிரிக் கஷ்டம். பர்மிட்டை ரத்து செய்தபின் ஸ்பெஷல் பாஸ் என்று ஒன்று கொடுப்பார்கள், அதை வைத்து நாட்டில் இருக்கலாம், வேலை பார்க்கக் கூடாது. வைத்தியம் முடிந்து நிலை சீரானபின்தான் நிரந்தர ஊனம் எத்தனை சதவீதம் என்று மதிப்பிடுவார்கள், அதற்கு மாதக்கணக்கில் ஆகும். அதுவரை தங்க இடமும் சாப்பாடும் கொடுப்பது சட்டப்படி முதலாளி பொறுப்பு, ஆனால் பிடித்து ஏர்போர்ட்டில் ஏற்றிவிடுவார்களோ என்று பயந்து விடுதியை விட்டு ஓடிவந்தவர் எந்த முகத்தோடு அங்கே போய்ச் சாப்பிடுவார்? இந்த மாதிரி ஆட்களுக்காகத்தான் டிடபிள்யூசி2 என்ற அமைப்பு 2008லிருந்து லிட்டில் இந்தியாவில் இலவசச் சாப்பாடு போடுகிறது, கஃப் ரோடு திட்டம் என்று பெயர். ஸ்பெஷல் பாஸில் இருக்கிற ஒருவருக்கு உடம்பு தேறிவிட்டால், பழைய முதலாளியைக் கேட்காமலே வேறு கம்பெனியில் சேரும் உரிமை கொடுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும் என்பது என் கருத்து. எம்சி கேட்கிறவனுக்கு இருக்கிற பயத்தின் வேரே அங்கேதான் இருக்கிறது.

அது வருவதற்குள் அங்கே இருக்கிற தம்பிகளுக்கு, போகப்போகிறவர்களுக்கும்தான்: அடிபட்டால் மருத்துவரிடம் வேலை செய்யும்போதுதான் அடிபட்டது என்று நீங்களே உங்கள் வாயால் சொல்லுங்கள், சூப்பர்வைசர் சொல்லட்டும் என்று இருக்காதீர்கள். தமிழ் தெரிந்தவர் வேண்டும் என்று கேட்கலாம், தப்பில்லை. எம்சி சீட்டை யாரிடமும் கொடுப்பதற்கு முன்னால் போனில் இரண்டு பக்கமும் படம் எடுத்து அப்படியே ஊரில் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள், ஒரிஜினல் காணாமல் போவது அங்கே சகஜம். விபத்து நடந்த இடத்தையும் முடிந்தால் படம் எடுத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் இருந்தவர் நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள். லைட் டூட்டி என்று எழுதினால், என் சைட்டில் அப்படி வேலை இல்லை, லாரியில் ஏறி வரணும் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள், 2016 தீர்ப்புக்குப் பிறகு அதைக் காதில் வாங்காமல் விடுவது அவருக்கும் ஆபத்து. முதலாளி தெரிவிக்காவிட்டால் நீங்களே எம்ஓஎம்மில் கோரிக்கை போடலாம், அதற்கு விபத்து நடந்து ஒரு வருஷம் வரை அவகாசம் இருக்கிறது. ஊருக்குத் திரும்பிவிட்டாலும் அந்த ஒரு வருஷம் ஓடிக்கொண்டுதான் இருக்கும், திரும்பி வந்த வேகத்தில் விட்டுவிடாதீர்கள்.